அங்குலக் கணக்கு: தசை பலவீனத்தோடு யாழ்ப்பாணத்தில் வெளியே போய்வர

என் கைப்பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். தையற்காரர் கழுத்தில் போட்டிருக்கும் மஞ்சள் நாடா, பெரியகடைப் பக்கம் வாங்கியது. புது இடமொன்றுக்குப் போனால் முதலில் வாசற்படியை அளப்பேன், பிறகு கதிரையை. இருபது வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். ஆனாலும் ஓர் அங்குலம் எவ்வளவு பெரியது என்பதை எனக்குப் படிப்பித்தது என் கால்கள்தான்.

பதினைந்து வருடத்துக்கு முன், மேல்மாடி வகுப்புக்குக் கொப்பிக்கட்டோடு ஏறிக்கொண்டிருந்தபோது வலது கால் அடுத்த படிக்கு வர மறுத்துவிட்டது. வலி எதுவும் இல்லை, கால் தூக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் மருத்துவர் தரையில் இருந்து எழும்பிக் காட்டச் சொன்னார். கையும் காலும் ஊன்றி, பிறகு முழங்காலில் கை வைத்து, பிறகு தொடையில் கை வைத்து, என் உடம்பின் மேலேயே கையால் ஏறி நிமிர்ந்தேன். பக்கத்தில் நின்ற மருத்துவ மாணவர்களுக்கு அவர் அதன் பெயரைச் சொன்னார்: கவர்ஸ் அடையாளம். வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தது. இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள பெரிய தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் பரம்பரை நோய் எனக்கு. விரல்கள் நன்றாக வேலை செய்யும். முகத்தைப் பார்த்தால் ஒரு வருத்தமும் தெரியாது. அதனால்தான் வரிசையில் நிற்க ஏலாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

நோய் எதுவாக இருந்தாலும் சரி, பக்கவாதத்துக்குப் பிறகான பலவீனமாக இருந்தாலும் சரி, வயதால் வந்த தளர்ச்சியாக இருந்தாலும் சரி, கட்டடங்களோடு மல்லுக்கட்டும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் பழகிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

வீட்டில், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை இது. சுவரோடு சேர்த்து, அசையாத ஒரு கதிரையை வையுங்கள். அதில் இருந்து கை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா? முடியாவிட்டால் பழைய கொப்பிகளை அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டு இருந்து பாருங்கள். முடிகிற உயரம் வந்ததும் நிலத்திலிருந்து அளந்து எழுதுங்கள். பிறகு கை ஊன்றி எழும்பக்கூடிய உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

படிக்கு வேறொன்றும் தேட வேண்டாம். நம் வீடுகளில் மூன்று நாலு உயரங்களில் படி இருக்கும்: விறாந்தைப் படி, குசினிப் படி, கிணற்றடிக் கட்டு. எதில் பிடிக்காமல் ஏறுகிறீர்கள், எதில் பிடித்தால் ஏறுகிறீர்கள், எதில் ஆள் வேண்டும் என்று பாருங்கள். கடைசியாக, சாயாமல் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று மணிக்கூட்டைப் பாருங்கள்.

என் கணக்கு இது. 19 அங்குலக் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவேன். 17 என்றால் கைப்பிடி வேண்டும். 15 என்றால் ஆள் வேண்டும். 4 அங்குலப் படிக்குப் பிடி தேவையில்லை, 6க்குக் கம்பி வேண்டும், 7க்கு மேல் தனியாக ஏறமாட்டேன். நிற்பது எட்டு நிமிடம். இவை காலை நேரத்து எண்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கதிரைக்கு ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும், படிக்கு ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கிறேன். குறைந்திருந்தால் அன்று முழுக்க மனம் சரியிருக்காது. ஆனாலும் பழைய எண்ணை நம்பிப் போய் விழுவதை விட அது மேல்.

இந்த எண்கள் கையில் இருந்தால் கேள்வி கேட்கும் விதமே மாறிவிடும். முன்பு ஓர் இடத்துக்குப் போவதற்கு முன், “ஏலாத ஆட்களுக்கு வசதி இருக்கோ?” என்று போனில் கேட்பேன். “ஓம் அக்கா, ஒரு பிரச்சினையும் இல்லை, வாங்கோ” என்பார்கள். போனால் வாசலில் ஐந்து படி இருக்கும். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அவர்கள் கண்ணில் அந்தப் படி படுவதே இல்லை. இப்போது இப்படிக் கேட்கிறேன்: வாசலில் எத்தனை படி? பிடிக்கக் கம்பி இருக்கிறதா, எந்தப் பக்கம்? என் வேலை கீழ்த் தளத்தில் முடியுமா? லிஃப்ட் இருந்தால் இன்றைக்கு வேலை செய்கிறதா? மலசலகூடத்தில் கொமட் இருக்கிறதா, சாவி யாரிடம்?

படியின் உயரத்தை யாரும் அளந்து சொல்லமாட்டார்கள். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஏ4 தாள் இல்லாத அலுவலகம் கிடையாது. அதன் அகலம் 8¼ அங்குலம். அந்த அகலம் நிலத்திலிருந்து மேல்நோக்கி நிற்கும்படி தாளைப் படியோடு பிடித்து, ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தாள் படிக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தால் மிச்சம் தெரிந்துவிடும். என் பெறாமகன்தான் இதை முதலில் செய்து தந்தான். இப்போது யாரிடம் கேட்டாலும் சந்தோஷமாகச் செய்கிறார்கள்.

படியும் சாய்தளமும்

ஏறும்போது பலமான கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். இரண்டு காலும் ஒரே படியில் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. கம்பி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அதை நோக்கித் திரும்பி, இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டாக ஏறுங்கள். பின்னால் ஆட்கள் வந்தால் வரட்டும். “நீங்கள் போங்கோ” என்று சொல்லிவிட்டு நின்று, அவர்கள் போன பிறகு ஏறுங்கள். அவசரத்தில்தான் முழங்கால் மடங்கும். எனக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் பயம். ஏறும்போது கால் வராவிட்டால் நின்றுவிடலாம், இறங்கும்போது மடங்கினால் விழுந்துவிடுவோம்.

சேலை கட்டுகிறவர்களுக்கு ஒன்று: கரையைக் கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிறுத்தி, கொய்யகத்தை ஊசியால் குத்திவிடுங்கள். காலைச் சரியாகத் தூக்க முடியாதவர்களுக்குத் தழையத் தழையக் கட்டிய சேலை ஆபத்து.

வெயிலில் நிற்கும் இரும்புக் கம்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். சித்திரை, வைகாசி மாதத்து மத்தியானத்தில் வாசல் கம்பியைத் தொட ஏலாது. ஒருமுறை பாதிப் படியில் கை சுட்டு, விட்டுவிட்டேன். பக்கத்தில் வந்த ஓர் ஐயா தாங்கிக்கொண்டார். அதிலிருந்து பையில் ஒரு சின்னத் துவாயும் இருக்கிறது.

சாய்தளத்தைக் கண்டதும் எல்லாரும் அங்கே கைகாட்டுவார்கள். சக்கர நாற்காலிக்கு அது சரி, அதுவும் சரியான சரிவாக இருந்தால். 1க்கு 12 என்பதுதான் கணக்கு. ஓர் அங்குலம் உயர ஓரடி நீளம் வேண்டும். 7 அங்குலப் படிக்கு 7 அடி, அப்படி இரண்டு படிக்கு 14 அடி. நம் ஊரில் கடை வாசல்களில் இருப்பவற்றில் பல, மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றப் போட்ட சரிவுகள். இரண்டு படி உயரத்தை மூன்றடிக்குள் முடித்திருப்பார்கள். நடக்கிற ஒருவருக்குத் தொடைத் தசை பலவீனமாக இருந்தால் அப்படிப்பட்ட சரிவு படியை விட மோசம். படியில் ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு விடலாம், சரிவில் நிற்பதற்கே தசை வேலை செய்யவேண்டும். “எனக்குப் படிதான் நல்லது, ஒரு கை மட்டும் தாங்கோ” என்று சொல்லத் தயங்காதீர்கள்.

ஓட்டோவுக்கு ஒரு குட்டிப் படி செய்வித்திருக்கிறேன். தச்சரிடம் சொல்லி, 5 அங்குல உயரம், 12க்கு 16 அங்குலத் தட்டு, அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்தது, தூக்குவதற்கு ஒரு கயிறு. வழக்கமாக வரும் தம்பி அதைத் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். அதில் ஏறி, முதுகுப் பக்கமாக இருக்கையில் இருந்துகொண்டு, பிறகு கால்களைக் கையால் தூக்கி உள்ளே வைப்பேன். போகிற இடத்து வாசலில் ஒரே ஒரு உயரமான படிதான் என்றால் இந்தப் பெட்டியை அதற்கு முன்னால் போட்டு இரண்டு படியாக்கிவிடலாம். பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். முதற்படி முழங்காலுக்குக் கிட்ட வருகிறது, ஏறி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது.

கதிரை, வரிசை, மலசலகூடம்

மண்டபங்களிலும் அலுவலகங்களிலும் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கதிரைகளில் நான் அளந்தவை பெரும்பாலும் 16க்கும் 17க்கும் இடையில். எனக்குக் குறைவு. இதற்கு மிக நல்ல மருந்து இன்னொரு பிளாஸ்டிக் கதிரை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டை அடுக்கினால் இரண்டு அங்குலம் அளவுக்கு உயரும், கால்களும் உறுதியாகும். கலியாண வீட்டில், செத்த வீட்டில், பெற்றோர் கூட்டத்தில், எங்கேயும் இதைக் கேட்கலாம், யாருக்கும் சிரமம் இல்லை. கைப்பிடி உள்ளதாகப் பார்த்துக் கேளுங்கள். இரும்பு வாங்கு மட்டும் இருக்கும் இடங்களுக்கு மெத்தைத் துண்டு கொண்டுபோகிறேன், இறுக்கமான தும்பு மெத்தையில் மூன்று அங்குலத் தடிப்பில் வெட்டியது. மென்மையான பஞ்சு மெத்தை வேண்டாம், இருந்ததும் அமுங்கி உங்களைப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும்.

எழும்பும் முறைக்கும் ஒரு சொல். முதலில் விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னே குனியுங்கள். அதன் பிறகு தள்ளி எழும்புங்கள். நேராக முதுகை வைத்துக்கொண்டு எழும்பப் பார்த்தால் முழுப் பாரத்தையும் தொடைதான் தூக்கவேண்டும்.

வரிசை என்றால் வாசலில் நிற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “எனக்குக் காலில் தசை பலவீனம். எட்டு நிமிடத்துக்கு மேல் நிற்க ஏலாது. இருந்துகொண்டு காத்திருக்கிறன், என்ரை முறை வரேக்கை கூப்பிடுங்கோ.” எட்டு நிமிடம் என்ற எண்தான் வேலை செய்கிறது. கஷ்டம் என்று மட்டும் சொன்னால் எல்லாருக்கும் கஷ்டம்தானே என்று பார்ப்பார்கள். முன்னுரிமை கேட்கவில்லை, முறையைத்தான் கேட்கிறேன் என்பதும் அதில் தெளிவாகிவிடுகிறது. முன்னே விட்டால் நன்றி சொல்லிப் போய்விடுவேன்.

கிளினிக் நாளில் வைத்தியசாலை வாசலிலேயே சக்கர நாற்காலி கேட்டு வாங்குகிறேன். இதற்கு அம்மா வருடக்கணக்காகச் சம்மதிக்கவில்லை. அதில் ஏறினால் நடை போய்விடும் என்று பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் தெளிவாக்கினார்: பலவீனமான தசையைக் களைக்கக் களைக்க வேலை வாங்கினால் அது பலமாகாது, அடுத்த நாளும் நோவு இருந்தால் முதல்நாள் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். நீண்ட விறாந்தைகளை நாற்காலியில் கடந்தால், மருத்துவர் அறைக்குள் என் காலால் நடந்து போகலாம். உள்ள பலத்தை எங்கே செலவழிப்பது என்று நீங்களே தீர்மானியுங்கள். சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் தேவைப்படுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையத்தில் விசாரிக்கலாம். செயற்கைக் கால் கொடுக்கும் இடம் என்றுதான் பலருக்கும் தெரியும்.

மலசலகூடம் பற்றி எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள், நான் எழுதுகிறேன். குந்தியிருக்கும் கூடம் என் போன்றவர்களுக்கு முடியவே முடியாது. கொமட் இருக்கும் அறை பல இடங்களில் பூட்டிக் கிடக்கும், இல்லையென்றால் உள்ளே துடைப்பமும் பழைய கோப்புகளும் இருக்கும். தேவை வந்த பிறகு சாவி தேடாதீர்கள். போன உடனேயே சாவி யாரிடம் என்று கேட்டு, கதவைத் திறந்து ஒருமுறை பாருங்கள். தரை ஈரமாக இருந்தால் துடைத்துத் தரச் சொல்லுங்கள். கைகழுவும் தொட்டியைப் பிடித்து எழும்பாதீர்கள், அது சுவரில் இரண்டு ஆணியில் நிற்கிறது. கொமட்டின் மேல் வைக்கும் உயர்த்தும் வளையம் சேர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும், வீட்டுக்கு அவசியம் வாங்குங்கள். அப்புறம், வெளியே போகிற நாளில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கத்தை விடுங்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். யாழ்ப்பாண வெக்கையில் அது சலக்கடுப்பிலும் கிருமித்தொற்றிலும் கொண்டுபோய் விட்டது.

கோயில்

இதைப் பொதுக் கட்டடம் என்று சொல்லலாமோ தெரியாது, ஆனால் நான் அதிகம் போக விரும்பும் இடம் இதுதான். செருப்பில்லாமல் போவது எனக்குப் பிரச்சினை இல்லை, வெறுங்கால் தரையை நன்றாகப் பிடிக்கும். கால் கழுவும் இடத்து ஈரத்தில்தான் கவனம் வேண்டும். மிதிக்காமல் தாண்டவேண்டிய வாசற்படி இன்னொரு சிக்கல். எங்கள் ஊர்க் கோயிலில் ஐயாவிடம் சொன்னேன். தெற்கு வாசலில் படி பதிவாக இருக்கிறது, அந்த வாசலைத் திறந்துவிடுகிறேன் என்றார். பத்து வருடமாக அந்த வாசல் அங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

நல்லூர்த் திருவிழா 25 நாள். வீதியில் மணல் பரப்பியிருப்பார்கள், வாகனம் கிட்ட வராது. மணலில் ஒவ்வோர் அடிக்கும் காலைக் கூடுதலாகத் தூக்கவேண்டும், சக்கர நாற்காலியின் முன் சில்லு புதைந்துவிடும். பின்னோக்கித் திருப்பி இழுத்தால் வரும். நான் தேர், தீர்த்த நாட்களை விட்டுவிட்டு, சனம் குறைந்த ஒரு நாளில் விடியற்காலைப் பூசைக்குப் போகிறேன். அங்கே பூசைகள் மணி தவறாமல் நடப்பதால் எப்போது போய் எப்போது திரும்பலாம் என்று கணக்குப் போட முடிகிறது. முடியாத வருடத்தில் வீதி ஓரத்தில் மடிப்புக் கதிரையில் இருந்து கும்பிட்டேன். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று அம்மா சொன்னார்.

விழுந்தால்

சில வருடத்துக்கு முன், ஓர் அலுவலகத்தில் புதிதாக மாபிள் போட்ட விறாந்தை. கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். விழுந்தேன். மூன்று பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்ததில் பெரிய அடி இல்லை, இழுத்ததில் தோள் மூன்று கிழமை நொந்தது. தோள் தசையும் பலவீனமானவர்களைக் கையில் பிடித்துத் தூக்கக்கூடாது, அக்குளில் கை கொடுத்தும் தூக்கக்கூடாது.

அதனால் விழுந்ததும் முதலில் வாயைத் திறக்கவேண்டும். “தொடாதேங்கோ, கொஞ்சம் பொறுங்கோ, நான் சொல்லுறன்.” இதை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், விழுந்த வெட்கத்தில் குரல் வராது. பிறகு எங்கேயாவது கடுமையாக நோகிறதா, காலை அசைக்க முடிகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். அசைக்க முடியவில்லை என்றால் எழும்பவே வேண்டாம், அம்புலன்ஸுக்கு 1990.

அடி இல்லையென்றால் உயரத்தைத் துண்டுதுண்டாக ஏறலாம். நான் முதலில் என் குட்டிப் படியைக் கேட்பேன். நிலத்திலிருந்து பின்பக்கமாகத் தள்ளி அதில் இருப்பேன், 5 அங்குலம். அங்கிருந்து ஒரு சின்ன ஸ்டூல், 10 அங்குலம் மட்டில். அங்கிருந்து கதிரை. இடுப்பில் ஒரு துவாயை மடித்துச் சுற்றி, உதவுகிறவர் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்து, நான் “ஒன்று, இரண்டு, மூன்று” என்றதும் தூக்கவேண்டும். பாரம் இடுப்பில்தான் இருக்கவேண்டும். பெறாமகனுக்கும் ஓட்டோத் தம்பிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதைச் செய்து காட்டி வைத்திருக்கிறேன்.

கடிதம் எழுதுங்கள்

இலங்கையில் வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் 2006 ஒக்டோபரில் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. ஏற்கனவே இருந்த கட்டடங்களைத் திருத்த மூன்று வருடம் கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா போட்ட அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமையவேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016இல் வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்றுக்கொண்டது. இவ்வளவும் ஒரு கடிதத்தின் முதல் பந்தியில் அடங்கும்.

ஆனால் காரியம் நடப்பது இரண்டாம் பந்தியில். அங்கே அளவு எழுதவேண்டும். எங்கள் பாடசாலை மாடிப்படிக்குக் கம்பி கேட்டு நான் முதலில் எழுதிய கடிதம், என் கஷ்டத்தைச் சொல்லி ஒரு பக்கம். எல்லாரும் அனுதாபப்பட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது கடிதத்தில் இப்படி எழுதினேன்: படிகள் 11, ஒவ்வொன்றும் 6½ அங்குலம். வலது சுவரில், படி விளிம்பிலிருந்து 35 அங்குல உயரத்தில், ஒன்றரை அங்குலக் குழாய். விரல் போக சுவருக்கும் குழாய்க்கும் இடையில் 2 அங்குல இடைவெளி. மேலும் கீழும் கடைசிப் படியைத் தாண்டி ஓரடி நீளவேண்டும். இரும்பு ஒட்டுவேலைக்காரர் எழுதித் தந்த விலையையும் இணைத்திருந்தேன். அதிபர் அதை அப்படியே பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்பினார். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்தது.

அந்தக் கடைசி ஓரடியை வெட்டத்தான் வேலை செய்தவர் பார்த்தார். “ரீச்சர், படி முடிஞ்சுது, இனி என்னத்துக்கு?” என்று கேட்டார். நான் கீழே கடைசிப் படியில் நின்று, நிலத்தில் ஒரு கால் வைத்து, மற்றக் கால் இன்னும் மேலே இருக்கும்போது கை எங்கே போகிறது என்று காட்டினேன். அவர் தானும் ஒருமுறை இறங்கிப் பார்த்தார். பிறகு வெட்டாமல், முனையைச் சுவர்ப் பக்கம் வளைத்து ஒட்டிவிட்டார், சேலைத் தலைப்பு மாட்டாமல் இருக்க.